உப்புக்காற்றில் ஒன்றரை வருடம் ஓடிய பேட்டரி லோடு வண்டி

மண்டபத்தில் நண்டு வாங்கி விற்பது என் தொழில். நாட்டுப்படகுக்காரர்கள் விடியற்காலையில் கொண்டுவரும் நண்டை எடை போட்டு எடுத்து, எங்கள் கொட்டகையில் அவித்து, சதை எடுக்கும் கம்பெனிக்கு அனுப்புகிறேன். 14 வருடமாக இந்த வேலை. முதலில் வாடகை வண்டி, பிறகு சொந்தமாக ஒரு டீசல் குட்டியானை. 2024 மே மாதம் அதை விற்றுவிட்டு மூன்று சக்கர பேட்டரி லோடு வண்டி எடுத்தேன். ஓட்டுவது என் தம்பி. கணக்கு எழுதுவது நான். வண்டி எடுத்த நாளிலிருந்து ஓடிய தூரம், சார்ஜ் போட்ட நேரம், செலவு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. இப்போது மீட்டர் 36,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. "அக்கா, நாங்களும் எடுக்கலாமா?" என்று பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. கீழே சொல்லும் கஷ்டங்கள் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை இல்லை. எங்கள் பக்கம் வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் டீசலுக்கு மட்டும் 10,000 ரூபாய்க்கு மேல் போகும். இந்த வண்டிக்குக் கரண்ட் செலவு மாதம் 2,300, 2,400 ரூபாய். ஆயில் மாற்றுவது, பில்டர் மாற்றுவது, கிளட்ச் தேய்வது எதுவும் கிடையாது. வண்டி விலை மானியம் போக 4,20,000 ரூபாய். பின்னால் ஐஸ் நிற்கிற மாதிரி உள்ளே தெர்மாகோல் வைத்துத் தகரப் பெட்டி கட்ட 48,000. தவணை கட்டியது போக, டீசலில் மிச்சமான பணம் என் கையில் நின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்; நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், லோடு பாதியாகும். அந்த மாதங்களில் டீசல் வண்டியைக் கிளப்பவே யோசிப்பேன். இப்போது 30 கிலோ நண்டுக்காகக்கூட தங்கச்சிமடம் போய் வர முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வண்டி எனக்கு உபயோகம்.

அப்புறம் சத்தம். விடிகாலை 4 மணிக்குத் தெருவுக்குள் டீசல் வண்டியைக் கிளப்பினால் கைக்குழந்தை இருக்கிற வீடெல்லாம் விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எத்தனையோ முறை என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இப்போது நாங்கள் போவதும் வருவதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஏற்றம் இருக்கிறதே, அங்கே 400 கிலோ நண்டும் ஐஸும் வைத்துக்கொண்டு டீசல் வண்டி முக்கிக்கொண்டு ஏறும். இது சும்மா ஏறுகிறது. இறங்கும்போது கொஞ்சம் சார்ஜும் திரும்ப ஏறுகிறது.

சரி, தூரம். ஷோரூமில் ஒரு சார்ஜுக்கு 140 கிலோமீட்டர் என்றார்கள். லோடு வைத்து எனக்குக் கிடைத்தது 95. மாசி, பங்குனியில் காற்று அடங்கிய நாட்களில் 100 வரை வந்திருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் 80, 85 தான். என் நோட்டில் அந்த மாதப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். பாம்பனிலிருந்து மண்டபம் திரும்பும்போது காற்று சாய்ந்து முகத்தில் அடிக்கும். பாலத்தில் மறைப்பு ஒன்றும் கிடையாது. உயரமான பெட்டி கட்டிய வண்டி அந்த 2 கிலோமீட்டருக்குமேல் காற்றோடு தள்ளுமுள்ளு செய்துகொண்டுதான் வருகிறது. பெட்டியைக் கட்டும்போதே முன்பக்கத்தைச் சரிவாக வைத்து, உயரத்தை அரை அடி குறைத்திருக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதைச் செய்யுங்கள். உள்ளூர்க்காரருக்குக் காற்று தெரியும், ஷோரூம்காரருக்குத் தெரியாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று சுற்றி வந்தாலும் என் ஓட்டம் ஒரு நாளைக்கு 70, 75 கிலோமீட்டர்தான். அதற்கு இது தாராளம். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்பலாம். தூத்துக்குடிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி தண்ணீர். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி எங்கள் கரையில் யாருக்கும் மறக்காது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எல்லாமே தண்ணீர். நான் லோடு ஏற்றும் இறங்குதளம் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தக் கரையில் பல இறங்குதளங்கள் அப்படித்தான். மழைத்தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்காலில் கடல் ஏறி நின்றால் தண்ணீர் எங்கே போகும்? வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தின் பாதிக்குமேல் வந்துவிட்டது. தம்பி அதை ஓட்டாமல், நான்கு பேரைக் கூட்டித் தள்ளிக்கொண்டு மேட்டில் நிறுத்தினான். தண்ணீரில் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது. அது பெரிய புத்திசாலித்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த இரண்டு நாளும் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலையில் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. பேட்டரி போய்விட்டதோ என்று எனக்கு வயிறு கலங்கியது. பேட்டரி மட்டுமே வண்டி விலையில் பாதிக்குப் பக்கம் வரும். மெக்கானிக் வந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கு, ஹாரன், பூட்டு, மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டி இவற்றுக்குச் செய்தி கொண்டுபோகும் சின்ன வயர்கள் சேர்கிற கனெக்டர் ஒன்று, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. கழுவாத செம்புப் பாத்திரத்தில் ஏறுமே, அதே களிம்பு. அந்த வயர் செட் வருவதற்கு 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் வாடகை வண்டி.

வாரண்டியில் தரமுடியாது என்றார்கள். தண்ணீரால் வந்த சேதமாம். விளம்பரத் தாளில் 'ஐ.பி. 67' என்று பெரிதாகப் போட்டிருந்ததே என்று கேட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்துக் கேட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கவைத்தார்கள், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 67-இல் வரும் 7 என்பது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தாலும் உள்ளே கெடுதல் வரக்கூடாது என்ற சோதனை. சோதிப்பது நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீருக்கும், நாள்கணக்கில் படிகிற உப்புக்காற்றுக்கும் அந்த எண் உத்தரவாதம் தராது. அதிலும் அந்த எண் என் வண்டியில் பேட்டரிப் பெட்டிக்கு மட்டும்தான். முழு வண்டிக்கும் இல்லை. கடலோரத்தில் விற்கிற வண்டிக்கு இதை வாங்கும்போதே சொல்ல வேண்டாமா? எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

தூத்துக்குடியில் ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. அவரிடம் இதைச் சொன்னபோது அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது நியூவார்க் துறைமுகத்தில் இறக்கி வைத்திருந்த ஃபிஸ்கர் கர்மா கார்கள் 16, கடல் தண்ணீர் ஏறி முங்கி, பிறகு தீப்பிடித்து எரிந்துபோயின. பேட்டரி கார் என்பதால் பெரிய பேட்டரிதான் வெடித்தது என்று எல்லோரும் நினைத்தார்களாம். விசாரித்துப் பார்த்தால், ஒரு காரில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்ட் போகும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்பு ஏறி ஷார்ட் ஆகியிருக்கிறது. அங்கே பிடித்த தீயைப் புயல் காற்று மற்ற கார்களுக்குப் பரப்பிவிட்டது. 2022-இல் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகும் உப்புத் தண்ணீரில் முங்கிய பேட்டரி கார்கள் தீப்பிடித்தன. அங்கே சிலவற்றில் பெரிய பேட்டரியிலேயே தீ வந்தது, அதுவும் தண்ணீர் வடிந்து நாள் கழித்து. இதைக் கேட்ட பிறகுதான் தம்பி அன்றைக்கு வண்டியை ஓட்டாமல் தள்ளியதன் அருமை எனக்குப் புரிந்தது. முங்கிய வண்டியை வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். கொட்டகைக்குள் விடாதீர்கள். வெட்டவெளியில் தள்ளி நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சார்ஜ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு நான் செய்தவை மூன்று. தம்பியிடம் சொல்லி வயர் சேரும் இடத்திலெல்லாம் கிரீஸ் வைத்து ரப்பர் உறை போட்டோம். மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து மறுபடி வைக்கிறோம். தினமும் லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். பிரஷர் பைப்பில் இல்லை, வாளித் தண்ணீரில். மண்டபத்தில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் மேலே லாபம் என்று சொன்னேன். மூன்றாவது, சார்ஜ் போடும் இடம்.

அது அப்பா சொன்னது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தபோது அப்பாவுக்கு 9 வயது, தங்கச்சிமடத்தில் இருந்தார். அவர் எந்தப் புது வீட்டைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது வாசற்படி எவ்வளவு உயரம் என்றுதான். எலெக்ட்ரீஷியன் சார்ஜர் பலகையை இடுப்பு உயரத்தில் அடிக்கப் போனபோது, "மேலே அடிப்பா, இன்னும் மேலே" என்று நின்றுகொண்டே சொல்லி, கடைசியில் என் தலை உயரத்துக்கு அடிக்கவைத்தார். வண்டி நிற்க இரண்டரை அடி மேடையும் கட்டச் சொன்னார். 14,000 ரூபாய் ஆனது. அப்போது வீண்செலவு என்று நினைத்து மேடையை மட்டும் தள்ளிப்போட்டேன். நவம்பர் மழைக்குப் பிறகு முதல் வேலையாக அதைத்தான் கட்டினேன்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பள்ளியில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில். பவளப்பாறையை வெட்டி எடுத்தது ஒரு பக்கம், கடல் ஏறியது ஒரு பக்கம். தீவே முங்குகிற கரையில் சார்ஜர் பலகையை முழங்கால் உயரத்தில் அடிப்பதை நான் இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். பார்த்தால் சொல்லாமல் வர மனசு கேட்பதில்லை.

அடுத்தது பூட்டு. வண்டியோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே சிம் கார்டு. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று போனில் உள்ள ஆப்பில் பார்க்கலாம். தவணை கட்டாவிட்டால் அவர்கள் அங்கிருந்தே வண்டியைப் பூட்டலாம். நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனாலும் 2025 பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலை 4 மணிக்கு, "அக்கா, வண்டி எடுக்கமாட்டேங்குது, லாக்குனு காட்டுது" என்று தம்பி போன் செய்தான். போய்ப் பார்த்தேன். 60 கிலோ நண்டு ஏற்றியாகிவிட்டது. சாவி இருக்கிறது, சார்ஜ் முழுசாக இருக்கிறது, வண்டி நகரவில்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. 9 மணி 40-க்குத் தானாகத் திறந்தது. சர்வரில் கோளாறு என்று மறுநாள் ஒரு குறுஞ்செய்தி. நண்டு செத்தால் சதை தளர்ந்துவிடும். அவித்தாலும் நார் நாராக வராது. கம்பெனியில் கிலோவுக்கு 120 ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார்கள். 7,200 ரூபாய் போனது. அந்த நண்டைப் பிடித்தவர்களுக்கு நான் பேசிய விலையையே கொடுத்தேன், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

அன்றைக்கு வெயில் ஏறும் வரை வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பாம்பன் துறைமுகத்தின் புயல் கூண்டுதான். சின்ன வயதில் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் கணக்கு அது. 1, 2 என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. எண் 10-க்கு மேலே இன்னும் ஒன்று உண்டு, 11. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மேலேயிருந்து சேதி வராவிட்டாலும் துறைமுகத்தில் இருக்கிற அதிகாரி தன் கண்ணால் கடலைப் பார்த்து ஏற்றவேண்டிய கூண்டு அது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தந்திக் கம்பி அறுந்துபோகும் என்பதை முன்னாலேயே நினைத்துப் பார்த்து அதற்கும் ஒரு எண் வைத்தார்கள். என் வண்டியைச் செய்தவர்கள் சர்வர் நின்றுபோனால் என்ன என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. சாவி போட்டால் வண்டி ஓட வேண்டும் என்ற சாதாரண ஏற்பாடு அதில் இல்லை.

பெரிய துறைமுகங்களுக்கே இந்த நிலைமை வந்திருக்கிறது என்பதையும் அண்ணன்தான் சொன்னார். 2017 ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. உலகம் முழுக்க அவர்கள் நடத்திய 76 முனையங்களில் 17 நின்றுபோயின; மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த முனையமும் அதில் ஒன்று. எந்தக் கண்டெய்னர் பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வாசலில் லாரிகள் நின்றிருக்கின்றன. அந்தக் கம்பெனியின் முக்கியமான பதிவு ஒன்று உலகத்தில் எல்லா இடத்திலும் அழிந்துவிட, கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் தப்பியிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லாததால் அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்திருக்கிறது. அதை வைத்துத்தான் மறுபடி எல்லாவற்றையும் எழுப்பினார்கள். 2023 ஜூலை 4-ஆம் தேதி ஜப்பானில் நகோயா துறைமுகம். அங்கே பணம் கேட்டு மிரட்டல் கடிதம் பிரிண்டரில் அச்சாகி வந்திருக்கிறது. இரண்டு நாளுக்குமேல் கண்டெய்னர் ஏற்றவும் இறக்கவும் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டி.பி. வேர்ல்ட் நடத்தும் நான்கு துறைமுக முனையங்கள். ஏறத்தாழ 30,000 பெட்டிகள் முடங்கின.

என் 60 கிலோ நண்டை அதோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் நண்டுச் சதை கடைசியில் போய்ச் சேர்வது அமெரிக்காவுக்கு, குளிர்பெட்டியில், தூத்துக்குடி வழியாக. அந்தக் கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருப்பது நாங்கள். நடுவில் எங்கே அறுந்தாலும் விலை குறைவது படகுக்காரருக்குத்தான்.

2023 டிசம்பர் 17, 18-இல் அதையும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடிக்குப் போகிற ரோடெல்லாம் தண்ணீர். கப்பல் இருந்தும் பெட்டி இருந்தும் ரோடு இல்லை. கம்பெனி ஒரு வாரத்துக்கு நண்டு வேண்டாம் என்றது. படகுக்காரர்கள் வலையை எடுத்து வீட்டில் வைத்தார்கள்.

இதை ஏன் வண்டி விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், இப்போது பெரிய லாரிகளுக்கும் பேட்டரி வருகிறது. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் மின் லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அதை வாங்கப் பழைய டீசல் லாரியை உடைப்புக்குக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். 2023-இல் வந்த மத்திய அரசின் 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல் துறைமுகங்களுக்குள் ஓடும் வண்டி, இயந்திரங்களில் பாதிக்குமேல் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்கிறது. நல்லதுதான். லாரிப் புகையில் நின்று வேலை பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2022 முதல் லாரியில் போகும் 20 அடிப் பெட்டி ஒன்றுக்கு 10 டாலர் வசூலித்து, அந்தப் பணத்தைப் புகையில்லாத லாரி வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கின்றன. லாரிக்காரர் தலையில் மட்டும் செலவை ஏற்றாமல், சரக்குக்காரரிடம் வாங்கிக் கொடுக்கும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரும்பகுதி கடல் காற்றிலேயே ஓட வேண்டும். குளிர்பெட்டியும் அதே பேட்டரியில் ஓட வேண்டும். நடுவே சாயல்குடிப் பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்திச் சார்ஜ் போடலாம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இடம் மழைக்கு முங்காத மேட்டில் இருக்க வேண்டும். ஆப் ஓடாவிட்டாலும் காசு கொடுத்துக் கரண்ட் வாங்க ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இலிருந்து ஓடுகிறது. இவ்வளவு கரண்ட் விளைகிற மாவட்டத்தில் நான் லோடு ஏற்றும் இறங்குதளத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இல்லை. ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் போகும் வயரில் ஒரு நாள் சார்ஜ் போட்டுப் பார்த்தோம். வயர் சூடாகிவிட்டது, உடனே நிறுத்திவிட்டோம். நீங்கள் அதை முயற்சி செய்யவே வேண்டாம்.

சர்வீஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், வேலையும் தெரிகிறது. சாமான் வரத்தான் நாளாகிறது. பிரேக் ஷூ ஒரு முறை, டயர் ஒரு செட் மாற்றியிருக்கிறேன். அடிச்சட்டத்தில் துரு தெரிகிறது. ஒன்றரை வருடத்துக்கு அது அதிகம். வாங்கிய வாரமே அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் இது வந்திருக்காது. பேட்டரி இன்னும் புதிதாக இருந்தபோது போலவே தூரம் கொடுக்கிறது, 95-க்கு 92 வருகிறது.

ஆகவே கேட்டவர்களுக்கு: ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓடுகிறவர், சொந்தமாகச் சார்ஜ் போட மேடான இடம் இருக்கிறவர் வாங்கலாம், தைரியமாக வாங்கலாம். வாடகை இடத்தில் இருப்பவர், இறங்குதளத்திலேயே வண்டியை இரவில் விட வேண்டியவர் கொஞ்சம் பொறுங்கள். ஷோரூமில் விலை பேசுவதற்கு முன்னால், உப்புத் தண்ணீரால் வயர் போனால் யார் பொறுப்பு, சர்வர் நின்றால் சாவியால் வண்டி ஓடுமா, இந்த இரண்டையும் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எனக்கு இரண்டாவது வண்டி தேவைப்படுகிறது. தங்கச்சிமடம் பக்கம் லோடு கூடிவிட்டது. போன வாரம் ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டைப் பற்றிக் கேட்டேன். புது மாடலில் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் 72 மணி நேரம் சாவியில் ஓடும் என்றார் அங்கே வேலை பார்க்கும் பையன். எழுதித் தரச் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அதற்குள் குனிந்து, கண்ட்ரோலர் பெட்டி தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். பழைய வண்டியைவிட ஒரு சாண் மேலே வைத்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து வந்தால் தை மாதம் எடுத்துவிடுவேன்.